வளையத்தின் மேல் விழுந்த பழி

முதலில் உங்கள் மூக்குக்கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை. இடப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து நிற்கிறது. போன தடவை இங்கே உட்கார்ந்திருந்தபோதே கவனித்தேன். மைத்துனனைப் பறிகொடுத்துவிட்டு வந்தவன் போலீஸ் அதிகாரியின் கண்ணாடியில் குறை கண்டுபிடித்தால் நன்றாக இருக்காதே என்று வாயை மூடிக்கொண்டேன். காதில் மாட்டும் கம்பியை லேசாகச் சூடு காட்டி வளைத்தால் சரியாகிவிடும். பேசி முடித்ததும் கொடுங்கள், பார்க்கிறேன்.

நான் வந்த விஷயம் வேறு. அந்த விபத்து அறிக்கையை நீங்கள் திருத்த வேண்டும். துப்பாக்கிக் குழலின் முனையில் நான் மாட்டியிருந்த வளையம் தளர்ந்துபோனதால் தோட்டா திசைமாறி, முன்னால் நின்றிருந்த என் மனைவியின் தம்பி மேல் பாய்ந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் சொன்னதைத்தான் எழுதினீர்கள், உங்கள் மேல் குற்றமில்லை. ஆனால் அது பொய். ஒரு பாவமும் அறியாத வளையத்தின் மேல் பழி விழுந்துவிட்டது. அதைத் துடைக்கத்தான் கடையைப் பூட்டிவிட்டு வந்தேன்.

கடை என்றால் கண்ணாடிக்கடை. ஆளை உட்கார வைத்து, கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா, முன்ன வச்சது தெளிவா?" என்று கேட்பது என் பிழைப்பு. சில பேர் லேசில் முடிவுக்கு வரமாட்டார்கள். அவர்களுக்கென்று ஓர் உபாயம் வைத்திருக்கிறேன். வில்லையை எடுப்பேன், துணியால் துடைப்பேன், அதே வில்லையைத் திரும்ப வைப்பேன். "இப்ப எப்படி இருக்கு?" என்பேன். "ஆங், இப்பதான் பளிச்சுன்னு தெரியுது" என்று முகமெல்லாம் மலர எழுந்து போவார்கள். இதில் பாவம் ஒன்றும் இல்லை. அவர்களுக்கும் திருப்தி, எனக்கும் நேரம் மிச்சம். இந்த ரகசியத்தை ஒருநாள் பெருமையாக மாப்பிள்ளையிடம் சொன்னேன். என் வாயே எனக்கு எதிரி என்பது அப்போது தெரியவில்லை.

மாப்பிள்ளை என்று நான் கூப்பிட்டது செத்துப்போன அந்த மைத்துனனைத்தான். பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன். மூடிகளை அள்ளி எடுத்து, எத்தனை நன்றாக இருக்கின்றன, எத்தனை கோணல் என்று பார்த்து, மொத்தப் பெட்டியும் தேறுமா தேறாதா என்று சொல்ல வேண்டும். ஒரு கோணல் மூடியைக்கூடப் பார்க்காத மாதிரி விட்டுவிட அவனால் முடியாது. வேலையில் மட்டுமல்ல, எதிலுமே அப்படித்தான். மற்றபடி தங்கமான பையன். நான் அவனை வெறுத்ததே இல்லை. வேண்டுமானால் என் மனைவியைக் கேளுங்கள்.

துப்பாக்கி சுடும் கிளப்புக்கு என்னை இழுத்துக்கொண்டு போனவனும் அவன்தான். அங்கே குப்புறப் படுத்துக்கொண்டு, ஐம்பது மீட்டர் தள்ளி மாட்டியிருக்கும் தாளில் சின்ன ரக ரைஃபிளால் சுட வேண்டும். ஐந்து தோட்டாவும் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவன் சுட்டால் ஐந்தும் ஒரு சட்டைப் பொத்தானுக்குள் அடங்கும். நான் சுட்டால் நாலு அடங்கும், ஒன்று எங்காவது விரலகலம் தள்ளிப் போய் உட்காரும். வருஷக்கணக்காக இதே கதை. பரிசளிப்பு நடக்கும் நாட்களில் கைதட்டுவதற்கு என்னைவிட நல்ல ஆள் கிளப்பில் கிடையாது.

அந்தத் தள்ளிப்போன தோட்டாவுக்கு நான் ஒரு பெயர் வைத்திருந்தேன், ஓடுகாலி. வீட்டை விட்டு ஓடிப்போனதை யாராவது குடும்பக் கணக்கில் சேர்ப்பார்களா? நானும் சேர்க்க மாட்டேன். காற்று அடித்தது, தோட்டா மட்டரகம், பக்கத்தில் படுத்திருந்தவர் தும்மினார் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டு, மிச்ச நாலை மட்டும் அளப்பேன். அப்படி அளந்தால் நான் பிரமாதமான சுடுவீரன்.

பிறகுதான் அந்த வளையம் வந்தது. பேரல் ட்யூனர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சுலபம்தான். சுடும்போது குழல் அதிரும். கரண்டியைத் தட்டினால் அதன் நுனி நடுங்குகிற மாதிரி. நுனி எங்கே இருக்கும் நேரத்தில் தோட்டா வெளியே வருகிறதோ, அதைப் பொறுத்துத் தோட்டா கொஞ்சம் மேலேயோ கீழேயோ போகும். குழல் முனையில் கனமான வளையம் ஒன்றை மாட்டி, அதைத் திருப்பித் திருப்பி முன்னும் பின்னும் நகர்த்தினால் அதிர்வு மாறும். சரியான இடம் கிடைத்துவிட்டால் எல்லாத் தோட்டாவும் ஒரே துளையில் போகும். அந்த இடம் நகராமல் இருக்க ஒரு பூட்டுத் திருகு உண்டு. அந்தத் திருகை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இத்தனை வருஷமும் என் கையில் குறை இல்லை, குழலின் அதிர்வில்தான் குறை என்று ஓர் இரும்புத்துண்டு வந்து சாட்சி சொல்கிறது. அதை அப்படியே தலையில் தூக்கி வைத்துக்கொண்டேன். வளையத்தில் பொறித்திருக்கும் அளவுக்கோடுகளில் ஒரு கோடு திருப்புவேன், ஐந்து சுடுவேன், ஓடுகாலியைத் தள்ளிவிட்டு அளப்பேன், இன்னொரு கோடு திருப்புவேன். ஒருநாள் ஓர் இடத்தில் நாலும் ஒட்டிக்கொண்டு விழும். வீட்டுக்கு வந்து மனைவியைக் கூப்பிட்டுக் காட்டுவேன். அடுத்த வாரம் அதே இடத்தில் சுட்டால் அங்கங்கே சிதறிக் கிடக்கும். ஈரப்பதம் மாறிவிட்டது என்பேன். காலையில் காப்பி குடித்தால் நெஞ்சு படபடக்கிறது என்று காப்பியை விட்டேன். படுக்கிற பாயை மாற்றினேன். மீசைகூடக் கன்னத்தில் உறுத்துகிறதோ என்று எடுத்துவிட்டேன். மீசை இல்லாமல் கடைக்குப் போன அன்று வாடிக்கையாளர் ஒருவர் என்னிடமே, "ஓனர் இல்லீங்களா?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தான். கிளப்பில் விடுமுறை நாட்களில் அவன்தான் மேற்பார்வை. நான் தள்ளிவிட்ட ஓடுகாலிகளை அவன் குனிந்து பார்ப்பான்.

"அஞ்சு போதாது அத்தான். நாங்க அஞ்சு மூடியைப் பாத்து ஒரு பெட்டியை அனுப்பினா வேலையை விட்டே தூக்கிடுவாங்க."

"இது மூடி இல்ல மாப்ளே."

"சரி, மூடி இல்ல. ஆனா தள்ளிப்போனதையும் நீங்கதானே சுட்டீங்க? அதையும் சேத்து எண்ணுங்க."

நான் குழலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் கிளப்பில் வளையத்துக்கு நல்ல பெயர் பரவிவிட்டது. பரப்பியது நான்தான். வருடாந்திரக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் இதை விளக்கிக் காட்டும்படி செயலாளர் கேட்டார். கைதட்டிக்கொண்டே இருந்த எனக்கு யாரோ கைதட்டப் போகிறார்கள். அந்தச் சந்தோஷத்தை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகினேன். கடையில்தான் கண்ணாடிக்குப் பஞ்சமில்லையே.

கூட்டத்துக்கு முன்னால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம் என்றான் மாப்பிள்ளை. வளையத்தை எந்தக் கோட்டில் வைத்திருக்கிறான் என்பது எனக்குத் தெரியக்கூடாதாம். என்னுடைய சாக்ஸ் ஒன்றையே வளையத்துக்கு மாட்டி மூடினான். ஒவ்வொரு தடவையும் முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ செய்துவிட்டுத் துப்பாக்கியை என்னிடம் தருவான். நான் சுட்டுவிட்டு அபிப்பிராயம் சொல்வேன். "இது சரியில்ல, குழல் முரண்டு பிடிக்குது." "ஆங், இது, இதுதான் மாப்ளே, கையிலேயே தெரியுது பாரு." காலை முழுக்க இப்படியே போனது. சில இடங்களை ஆகா என்றேன், சில இடங்களைச் சீச்சீ என்றேன்.

மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. மனைவி பரிமாறிக்கொண்டிருந்தாள். அவன் சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத்தான், கோவிச்சுக்காதீங்க. நான் வளையத்தைத் திருப்பவே இல்ல. எல்லாத் தடவையும் ஒரே எடம்தான்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அவனே விளக்கினான். "நீங்க கடையில வில்லையைத் தொடச்சு திரும்ப வைப்பீங்கல்ல? அதேதான்."

என் மனைவி சிரித்தாள். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, அவளுக்கு உண்மையிலேயே சிரிப்பு வந்தது. கையில் கரண்டியோடு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "அய்யோ, மீசையை வேற எடுத்தீங்களே" என்றாள். நானும் சிரித்தேன். அசடு வழியச் சிரித்தேன் என்பதுதான் சரி. அவன் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

கைகழுவும் இடத்தில் பின்னாலேயே வந்து மெதுவாகச் சொன்னான். "கூட்டத்துல நீங்களே சொல்லிடுங்க அத்தான். சொன்னா உங்களுக்குத்தான் மரியாதை. இல்லேன்னா, கேட்டா நான் உள்ளதைச் சொல்ல வேண்டி வரும்." மிரட்டல் இல்லை. கோணல் மூடியைப் பார்த்துவிட்டான், அவ்வளவுதான்.

நான் கெஞ்சினேன். என்னைவிட வயதில் அத்தனை சின்னவனிடம், ஈரக் கையோடு நின்று கெஞ்சினேன். கடைசியாக ஒரே ஒரு வாய்ப்பு. நான் முன்கூட்டியே ஒரு கோட்டைச் சொல்லிவிட்டு, திருகைப் பூட்டிவிட்டுச் சுடுவேன். ஐந்தும் எண்ணப்படும், ஓடுகாலி என்ற பேச்சே கிடையாது. ஐந்தும் ஒரே துளையில் விழுந்தால் அவன் வாயைத் திறக்கக்கூடாது. அவன் கையைத் துடைத்துக்கொண்டு சரி என்றான். பாசம் இருந்ததால்தான் ஒப்புக்கொண்டான் என்று இப்போதும் நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மற்றவர்கள் வருவதற்கு முன்னால் போனோம். காற்றே இல்லை. கோட்டைச் சொன்னேன். அவன் பார்க்க, திருகை முறுக்கினேன். படுத்தேன். முதல் தோட்டா நடுவில் விழுந்தது. இரண்டாவது அதே துளையில். மூன்றாவது எங்கே போனதென்றே தெரியவில்லை, தொலைநோக்கியில் பார்த்தால் துளையின் ஓரம் மட்டும் லேசாகக் கிழிந்திருந்தது. நாலாவதும் அப்படியே. வாழ்க்கையில் நான் அப்படிச் சுட்டதில்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது தாளின் கீழ்மூலையில் இருந்த ஊசி கழன்று, தாள் ஒருபக்கம் மடங்கியது. மாப்பிள்ளை எழுந்தான்.

"நில்லுங்க அத்தான், ஊசியை மாட்டிட்டு வரேன். அஞ்சாவது ஒழுங்கா விழணும். போல்ட்டைத் தொறந்துட்டீங்களா?"

"ம்" என்றேன்.

யாராவது முன்னால் போனால் துப்பாக்கியின் போல்ட்டை, அதாவது தோட்டா அறையை மூடும் தாழை, திறந்து வைக்க வேண்டும். மேற்பார்வையாளர் குனிந்து பார்த்து, தோட்டா அறை காலி என்று உறுதி செய்த பிறகே நகர வேண்டும். யாராக இருந்தாலும் அவன் பார்ப்பான். செயலாளரின் துப்பாக்கியையே இரண்டு தடவை பார்ப்பான். அன்று அக்கா புருஷனின் "ம்" போதும் என்று நினைத்துவிட்டான். தன் வேலையில் அவன் செய்த ஒரே பிழை அது. காது மூடி போட்டிருந்ததால் எனக்கு எதுவும் கேட்கவில்லை என்று போன தடவை சொன்னேன் இல்லையா? கேட்டது. நன்றாகக் கேட்டது. போல்ட்டைத் திறக்கவில்லை, ஐந்தாவது தோட்டா உள்ளேயே இருந்தது.

அவன் நடந்துபோய், தாளுக்குப் பக்கவாட்டில் நின்று, துளையைத் தொடாமல் கையை நீட்டி ஊசியை மாட்டினான். பிறகு குனிந்து துளையைப் பார்த்தான். நிமிர்ந்து என் பக்கம் திரும்பி, நாலு விரல்களையும் சேர்த்துக் காட்டினான். வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். என்னைவிட அவனுக்குத்தான் சந்தோஷம். ஆளைப் பார்க்கவில்லை என்று நான் சொன்னதையும் அடித்துவிடுங்கள்.

படுத்தபடியே நான் இரண்டு விஷயங்களை யோசித்தேன். ஐந்தாவது வெளியே போனால் எல்லாம் முடிந்தது. இது ஒன்று. உள்ளே போனால்? அப்போதும் அவன் திரும்பி வந்து, "பிரமாதம் அத்தான். ஆனா அஞ்சு போதாது. இன்னொரு தாள் பாத்துடலாம்" என்பான். அவனால் அப்படிச் சொல்லாமல் இருக்க முடியாது. இன்னொரு தாள், அதற்குப் பிறகு இன்னொன்று, என் ஆயுள் முடியும்வரை தாள் தீராது. எந்தத் தாளிலாவது ஒன்று தள்ளிப் போகத்தான் செய்யும். அந்த நாலு தோட்டாவை அப்படியே காப்பாற்றி வைக்க எனக்கு வேறு வழி தோன்றவில்லை. குழல் ஆறிக்கொண்டிருந்தது வேறு. ஆறின குழலில் சுட்டால் கணக்கே மாறிவிடும், இதைத் துப்பாக்கி தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வளையம் தளர்ந்ததால் தோட்டா ஆள் நிற்கும் தூரத்துக்கு ஓடிவிட்டது என்று நான் சொல்ல, செயலாளர் தலையாட்டியபோது எனக்கே ஆச்சரியம். வளையம் மொத்தமாகக் கழன்று கீழே விழுந்தாலும் தோட்டா விரலகலம்கூட நகராது. என்னுடைய மிக மோசமான ஓடுகாலிகூட அதற்கு மேல் ஓடியதில்லை. அவனோ தாளிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றான். அவ்வளவு தூரம் போக வேண்டுமானால் இங்கே குழல் முனையை ஒரு விரலளவு திருப்ப வேண்டும். திருப்பினேன். மூச்சை வெளியே விட்டு, பாதியில் நிறுத்தி, சொல்லிக்கொடுத்தபடி விசையை மெதுவாக அழுத்தினேன். சொல்லிக்கொடுத்தவன் அவன்தான்.

பிறகு செய்ததுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. எழுந்து ஓடுவதற்கு முன்னால் வளையத்தின் பூட்டுத் திருகைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அப்புறம்தான் ஓடினேன். பாதி வழியிலேயே மூச்சு வாங்கியது, உடம்பைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். போய்ச் சேர்ந்தபோது அவன் கண் திறந்திருந்தது. நான் என்னென்னவோ கத்தினேன். அதெல்லாம் நடிப்பு என்று நீங்கள் நினைக்கலாம். பாதிதான் நடிப்பு. அவன் எனக்குப் பிரியமானவன்.

இத்தனை நாளும் இதை மூடி மறைத்துக்கொண்டு நிம்மதியாகவே இருந்தேன். சாப்பாடு இறங்கியது, தூக்கம் வந்தது. கிளப்பில் வளையங்களுக்குத் தடை போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது கொஞ்சம் சங்கடமாக இருந்தது, பொறுத்துக்கொண்டேன். நேற்றுத்தான் பொறுக்க முடியவில்லை. மனைவி டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தம்பி போன நாளிலிருந்து அவள் சரியாகப் பேசுவதில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஏன் உள்ளுக்குள்ளேயே வெந்து சாகறீங்க? நீங்க என்ன பண்ணுவீங்க? அந்தப் பாழாப்போன வளையம்தான் என் தம்பியைக் கொன்னுடுச்சு" என்றாள்.

என்னால் டீயைக் குடிக்க முடியவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அவள் ஏதோ என் மனசாட்சி உறுத்துகிறது என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். எனக்கோ ஒரே எண்ணம்தான். நாலு தோட்டாவை ஒரே துளையில் கொண்டுபோய் வைத்த பொருளைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தை சொல்கிறாளே. சொல்ல வைத்தவன் நான். திருகைக் கழற்றியவன் நான். இந்த விஷயத்தில் நான் செய்த அயோக்கியத்தனம் அது ஒன்றுதான்.

இதோ அந்தத் திருகு. மேஜைமேல் வைக்கிறேன், உருண்டுவிடப் போகிறது, பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் கடைசித் தோட்டாவரை இது இறுக்கமாகத்தான் இருந்தது. வளையம் ஒரு மயிரிழைகூட நகரவில்லை.

வளையத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை இருந்தால் ஐந்தாவதையும் தாளிலேயே சுட்டிருக்கலாமே என்றா கேட்கிறீர்கள்? நல்ல கேள்வி. குழல் ஆறிக்கொண்டிருந்தது என்று சொன்னேன். தாளும் ஆடிக்கொண்டிருந்தது. ஊசியை மாட்டிவிட்டான், வாஸ்தவம். இருந்தாலும் லேசாக ஆடியது. இப்போது இதைப்பற்றி ஏன் இவ்வளவு பேச்சு? அறிக்கையைத் திருத்தும்போது எனக்காக ஒன்றே ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், கிளப்புக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். நாலைத் தாளிலும் ஒன்றை அவன் மேலும், ஐந்தையும் நான் குறி வைத்த இடத்தில்தான் சுட்டேன். இந்த முறை எதையும் தள்ளிவிடாமல், அவன் சொன்ன மாதிரியே எல்லாவற்றையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன். ஐந்துக்கு ஐந்து. மாப்பிள்ளை இருந்திருந்தால் அவனே ஒப்புக்கொண்டிருப்பான்.